ஒரே ஒருவரை முழுதாகக் கேளுங்கள்: யூதப் பேரழிப்பின் சாட்சியங்களை அணுகுவது எப்படி

முதலில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பஸ்ஸில் போகும்போது கொஞ்சம், சமைக்கும்போது கொஞ்சம், படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் என்று பிய்த்துப் பிய்த்துக் கேட்கிற விஷயம் இல்லை இது. நாஜி ஆட்சியில் ஐரோப்பிய யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் அதிலிருந்து உயிர் தப்பிய ஒருவர், தான் பிறந்த வீட்டில் தொடங்கி, நடந்ததை எல்லாம் தன் வாயால் சொல்வதை உட்கார்ந்து முழுதாகக் கேட்டவர்கள் நம்மில் மிகக் குறைவு. கேட்க வழியில்லை என்பதல்ல காரணம். வீட்டிலிருந்தபடியே கேட்கும் அளவுக்கு ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகவே கிடக்கின்றன. எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது, கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பலர் இரண்டு நிமிட ரீல்ஸோடு நின்றுவிடுகிறார்கள்.

இப்போதே கேளுங்கள் என்று அவசரப்படுத்த ஒரு காரணம் இருக்கிறது. உயிர் தப்பிய யூதர்களுக்கான இழப்பீட்டு விவகாரங்களைக் கவனிக்கும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு 2024 ஜனவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகம் முழுக்க, 90-க்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் 2,45,000 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் சின்னக் குழந்தைகள். முகாமில் வேலை செய்த வயதில் இருந்தவர்கள் இன்று நூறைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேரில் கேட்கும் வாய்ப்பு நமக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனி பதிவுகள்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோலோகாஸ்ட் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு முழுதாக எரித்துக் கொடுக்கும் பலி என்று பொருள். கொலையைப் பலி என்று சொல்வதா என்று யூதர்கள் பலருக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. அவர்கள் சொல்வது ஷோவா, எபிரேயத்தில் பேரழிவு. நான் தமிழில் யூதப் பேரழிப்பு என்று எழுதுகிறேன். அழிவு தானாக வரும், அழிப்பை யாரோ செய்ய வேண்டும்.

எங்கே கேட்பது

மிகப் பெரிய தொகுப்பு அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா ஃபவுண்டேஷனில் இருக்கிறது. 1994-இல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் 56 நாடுகளில், 32 மொழிகளில், ஏறக்குறைய 52,000 பேரைப் பதிவு செய்துவிட்டார்கள். இணையத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் சில ஆயிரம் பதிவுகளை முழுதாகப் பார்க்கலாம், யூடியூபிலும் நிறையப் போட்டிருக்கிறார்கள். ஊர், முகாம், மொழி என்று எதை வைத்தும் தேடலாம். யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பதிவையும் நிமிட நிமிடமாகக் கேட்டுக் குறிச்சொல் போட்டிருக்கிறார்கள். அந்த வசதியே ஒரு ஆபத்தும்தான், ஏனென்றால் ‘ஆஷ்விட்ஸ்’ என்று முகாமின் பெயரைத் தட்டினால் நேராக அந்த நிமிடத்துக்கே போய்விடலாம். போகாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ச்சுனாஃப் காப்பகம் இன்னும் பழையது. 1979-இல் நியூ ஹேவன் ஊரில் ஒரு தொலைக்காட்சிக்காரரும், சிறுவயதில் தானே முகாமிலிருந்து தப்பிய டோரி லாப் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. 4,400-க்கும் மேற்பட்ட சாட்சியங்கள். அங்கே கேள்வி கேட்பவர் கூடுமானவரை வாயைத் திறப்பதில்லை, பேசுபவர் போகிற போக்கில் விட்டுவிடுவார்கள். வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்திலும் பெரிய தொகுப்பு இருக்கிறது. அங்குள்ள கலைக்களஞ்சியப் பக்கங்களை, கேட்கும்போது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. போர் முடிந்தபின் உயிர் தப்பியவர்கள் பேசவே இல்லை, உலகம் 1961-இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீது நடந்த வழக்கில்தான் அவர்களை முதலில் கேட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னது பெரிய திருப்பம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன் மௌனம் என்பது சரியில்லை. போலந்தின் யூத வரலாற்று ஆணையம் 1944-லிலேயே லூப்ளின் நகரில் சாட்சியம் எழுதி வாங்கத் தொடங்கிவிட்டது. சேர்ந்தது சுமார் 7,000. அப்புறம் 1946-இல் சிகாகோவிலிருந்து டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர், லாட்வியாவில் பிறந்த யூதர், மெல்லிய எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் ஒரு கருவியையும் கம்பிச் சுருள்களையும் தூக்கிக்கொண்டு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி என்று அகதி முகாம்களாகப் போய் சுமார் 130 பேரைப் பதிவு செய்தார். இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவற்றை எழுத்து வடிவத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் இணையத்தில் வைத்திருக்கிறது. அவசியம் ஒன்றாவது கேளுங்கள். பேசுபவர்கள் வெளியே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது, போடருக்கோ முகாம் வார்த்தைகள் பல புரியவில்லை, அதற்கு என்ன அர்த்தம், இதற்கு என்ன அர்த்தம் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார். நமக்கு இன்று பழகிப்போன வார்த்தைகள் உலகத்துக்குப் புதிதாக இருந்த நேரம் அது. பிரான்ஸில் ஒரு முகாமில் அவர்கள் பாடிய பாடல்கள் இருந்த சுருள் எழுபது ஆண்டுகள் காணாமல் கிடந்து, ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்தில் வேறு பெட்டிகளுக்கு நடுவே அகப்பட்டது.

உட்காரும் முன்

நோட்டு, பேனா, ஹெட்ஃபோன், ஒரு வரைபடம். வரைபடம் ஏன் என்றால் ஊர்ப் பெயர்கள் குழப்பும். பேசுபவர் ப்ரெஸ்லாவ் என்பார், வரைபடத்தில் அது வ்ரோட்ஸ்வாஃப், அன்று ஜெர்மனி, இன்று போலந்து. லெம்பெர்க், ல்வூஃப், ல்வீவ் மூன்றும் ஒரே ஊர். கோவ்னோதான் கௌனாஸ். சொல்பவர் தன் வீட்டு மொழியில் என்ன சொன்னாரோ அதையே நோட்டில் முதலில் எழுதுங்கள், இன்றைய பெயரைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சில வார்த்தைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘அப்பெல்’ என்றால் முகாமில் மணிக்கணக்கில் நிற்கவைத்துத் தலை எண்ணுவது. ‘காப்போ’, மற்றக் கைதிகளை மேய்க்க அமர்த்தப்பட்ட கைதி. ‘கனடா’ என்று யாராவது சொன்னால் நாட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள், ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் வந்திறங்கியவர்களிடம் பிடுங்கிய பொருள்களைக் குவித்துவைத்த கிடங்குகளுக்குக் கைதிகள் வைத்த பெயர் அது, வளமான இடம் என்ற பொருளில். யூதர்களை அடைத்துவைத்த நகர்ப் பகுதியான கெட்டோவைச் சேரி என்று மொழிபெயர்க்க வேண்டாம், கெட்டோ என்றே வையுங்கள். வதைமுகாம் வேறு, கொலைமுகாம் வேறு என்பதும் முக்கியம். ட்ரெப்ளிங்கா, பெல்சக், சோபிபோர் போன்றவை ரயிலில் வந்தவர்களைச் சில மணி நேரத்துக்குள் கொல்வதற்காகவே கட்டப்பட்டவை. ஆஷ்விட்ஸ் இரண்டும் சேர்ந்தது. கையில் எண் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும்தான், அதுவும் பதிவு செய்யப்பட்ட கைதிகளுக்கு. ரயிலடியிலிருந்து நேராக நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணே கிடையாது. ஆகவே எண் இல்லாத ஒருவரைப் பார்த்து இவர் நிஜமாகவே தப்பியவர்தானா என்று கேட்கக்கூடாது.

கேட்கும்போது

ஷோவா ஃபவுண்டேஷன் பதிவுகள் எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கும். தேதி, ஊர், மொழி, கேட்பவர் பெயர். அப்புறம் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்பார்கள். இந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஒரு பாட்டி இன்றைய ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டு, பிறந்தபோது வைத்த பெயர் என்ன என்று கேட்டதும் ஒரு கணம் நிறுத்தி, வேறொரு குரலில், வேறொரு உச்சரிப்பில் அதைச் சொல்வார். வீட்டில் அம்மா செல்லமாகக் கூப்பிட்ட பெயரையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டவர்கள் யாரும் மிஞ்சவில்லை என்பது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நமக்குத் தெரியவரும். முதல் அரைமணியைத் தள்ளியிருந்தால் தெரியவே வந்திருக்காது.

குறிச்சொல்லை வைத்து நேராக முகாமுக்குத் தாவாதீர்கள் என்றது இதற்காகத்தான். முதல் பகுதி முழுக்க அப்பாவின் தையல்கடை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜையில் என்ன இருந்தது, பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று போகும். போரே வரவில்லையே என்று பொறுமை போகலாம். ஆனால் அழிக்கப்பட்டது அந்த வாழ்க்கைதான். அதைக் கேட்காமல் முகாமை மட்டும் கேட்டால் அவர்களைக் கைதிகளாக மட்டுமே நமக்குத் தெரியும், நாஜிகள் அவர்களைப் பார்த்ததும் அப்படித்தான்.

கடைசிப் பகுதியையும் விடாதீர்கள். புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் கேமரா முன் காட்டுவார்கள். அவர் முகம் தெரியாது, படமும் குரலும் மட்டும். இது என் தங்கை, இது மாமா, நடுவில் இருப்பது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. வீடு சூறையாடப்பட்டவர்களிடம் படங்கள் எப்படி வந்தன என்று யோசித்தால், முன்பே அமெரிக்காவுக்கோ பாலஸ்தீனத்துக்கோ போய்விட்ட சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பியவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஒருவரைக் கேட்பது என்றால் என்ன என்பதற்கு அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷை எடுத்துக்கொள்ளலாம். 1925-இல் ப்ரெஸ்லாவில் பிறந்தவர், அப்பா வக்கீல், அம்மா வயலின் வாசிப்பவர், அனிதா வாசித்தது செல்லோ. 1942 ஏப்ரலில் பெற்றோரைக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அனிதாவும் அக்கா ரெனாட்டேயும் ஒரு காகித ஆலையில் வேலை செய்துகொண்டே பிரெஞ்சுப் போர்க் கைதிகளுக்குப் போலி ஆவணம் தயாரித்தார்கள், தாங்களும் தப்பப் பார்த்து ரயில் நிலையத்தில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். சிறையிலிருந்து குற்றவாளியாக ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டதால் யார் வேலைக்கு, யார் நச்சுவாயு அறைக்கு என்று ரயிலடியில் பிரிக்கும் தேர்வுக்கு அவர் ஆளாகவில்லை. முடி மழிக்கப்பட்டு, உடம்பில் துணியில்லாமல், கையில் ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷோடு நிற்கிறார். பதிவு வேலை செய்யும் கைதிப் பெண் பேச்சுக்கொடுக்க, நான் செல்லோ வாசிப்பேன் என்று எதற்கென்றே தெரியாமல் சொல்லிவைக்கிறார். அந்த நேரத்தில் பிர்கெனாவின் பெண்கள் இசைக்குழுவில் செல்லோ வாசிக்க ஆள் இல்லை. குழுவை நடத்திய ஆல்மா ரோஸே, இசையமைப்பாளர் மாலரின் உறவினர், வந்து பார்க்கிறார். வேலைக்குப் போகிற கைதிகள் வாசலைத் தாண்டும்போதும் திரும்பி வரும்போதும் அணிநடை இசை வாசிக்க வேண்டும், அதுதான் வேலை. அதனால் உயிர் தங்கியது.

அந்தக் கைதிப் பெண் அனிதாவின் சப்பாத்துகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள், எப்படியும் பிடுங்கத்தான் போகிறார்கள் என்று அனிதாவும் கொடுத்துவிட்டார். சில நாள் கழித்து வேறொரு வண்டியில் ரெனாட்டே வந்து இறங்குகிறார். அதே பதிவு, அதே பெண். அவள் காலில் தங்கையின் சப்பாத்துகள். இது எங்கே கிடைத்தது என்று கேட்கிறார். அப்படித்தான் அக்காவும் தங்கையும் அங்கே ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்.

இதை எந்தப் பாடநூலும் சொல்லாது, சொல்லவும் முடியாது. நோட்டில் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைத்தான் எழுதிவையுங்கள், பிரஷ், சப்பாத்து, யார் யாரிடம் என்ன கேட்டார்கள். தேதிகளைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

அனிதாவிடம் இன்னொரு வசதி, அவர் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறார். ஆஷ்விட்ஸிலிருந்து அவர் பிறகு மாற்றப்பட்ட பெர்கன்-பெல்சன் முகாமை ஆங்கிலேயப் படை 1945 ஏப்ரல் 15-ஆம் தேதி விடுவித்த கையோடு பிபிசி வானொலிக்கு ஜெர்மனில் பேசினார். அதே ஆண்டு லூனபர்க் நீதிமன்றத்தில், முகாம் காவலர்களுக்கு எதிராக. வயதான பிறகு நீண்ட ஒலி, ஒளிப்பதிவுகள். 2018 ஜனவரியில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில். ஒருவரின் வேறுவேறு வயதுச் சாட்சியங்களை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பத்தொன்பது வயதில் நடந்ததை உலகுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கிறது, தொண்ணூற்றிரண்டு வயதில் கேட்கிறவர்கள் இனி என்ன செய்யப்போகிறார்கள் என்ற கவலை இருக்கிறது.

தப்பாகச் சொன்னால்?

சொல்வார்கள். மாதம் மாறும், எண்ணிக்கை கூடும், தான் கண்டதும் பிறர் சொல்லக் கேட்டதும் கலந்துவிடும். லூனபர்க்கில் எந்த நாள், எந்த நேரம் என்று வக்கீல்கள் கேட்டதை அனிதா பின்னாளில் ஆற்றாமையோடு நினைவுகூர்ந்தார், முகாமில் யாரிடம் காலண்டர் இருந்தது, யாரிடம் கடிகாரம் இருந்தது என்று.

டோரி லாப் எழுதிய ஒரு சம்பவம் இதற்குப் பொருத்தமானது. யேல் காப்பகத்தில் ஒரு பெண் 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கைதிகள் கிளர்ந்தெழுந்ததைச் சொல்கிறார். அதுவரை தணிந்து வந்த குரல் சட்டென்று உயர்கிறது, நான்கு புகைபோக்கிகள் தீப்பிடித்து வெடித்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். பிறகு ஒரு கருத்தரங்கில் வரலாற்றாசிரியர்கள், வெடித்தது ஒன்றுதான், நான்கு இல்லை, ஆகவே இந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்றார்கள். லாப் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஷ்விட்ஸில் எதிர்ப்பே நடக்க முடியாது என்றிருந்த இடத்தில் நடந்தது, அதை அவள் பார்த்தாள், எண்ணிக்கையைவிட அது பெரிது என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை புகைபோக்கி என்பதற்கு ஆவணத்தைப் பாருங்கள், அந்த நாள் உள்ளே இருந்தவருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு அவரைக் கேளுங்கள். தப்பு கண்ணில் பட்டால் மறைக்காதீர்கள், அதை வைத்து முழுச் சாட்சியத்தையும் தள்ளவும் தள்ளாதீர்கள். பேரழிப்பே நடக்கவில்லை என்பவர்கள் செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

கேட்கக் கேட்க இன்னொன்று உறுத்தும். நம்மிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் தப்பியவர்கள். பெரும்பான்மைக்கு நடந்தது இவர்களுக்கு நடந்தது இல்லை. பெல்சக்கில் குறைந்தது 4,34,000 யூதர்கள் கொல்லப்பட்டார்கள், போருக்குப் பிறகு அந்த முகாமைப் பற்றி உள்ளே இருந்தவராகச் சாட்சி சொல்ல அநேகமாக இரண்டே பேர் இருந்தார்கள், ருடால்ஃப் ரேடர், காயிம் ஹிர்ஷ்மன். ஹிர்ஷ்மன் 1946 மார்ச்சில் லூப்ளினில் சாட்சியம் சொல்லத் தொடங்கினார், அதை முடிப்பதற்குள் அன்றே சுட்டுக் கொல்லப்பட்டார். மிச்சத்தை, அவர் தன்னிடம் சொல்லியிருந்தவற்றை வைத்து, அவர் மனைவி சொன்னார். ஆகவே சில இடங்களைப் பற்றிக் கேட்பதற்குச் சாட்சியம் கிடைக்காது, அந்த வெறுமையையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்லும்போது

ஜனவரி 27 ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாள், ஐ.நா. 2005-இல் அதை நினைவு நாளாக அறிவித்தது. வகுப்பிலோ வீட்டிலோ நண்பர்களோடோ அன்று ஏதாவது செய்ய நினைத்தால், எனக்குத் தெரிந்தவரை நல்ல வழி ஒரே ஒருவரின் பதிவிலிருந்து இருபது நிமிடம், முன்கதையோடு. பிணக்குவியல் படங்களால் தொடங்க வேண்டாம், அந்தப் படங்களில் இருப்பவர்கள் தங்களை அப்படி யாரும் பார்க்கச் சம்மதித்தவர்கள் இல்லை. பின்னணி இசை சேர்க்க வேண்டாம். பிள்ளைகளைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அது எதையும் கற்றுத்தராது. சின்னப் பிள்ளைகள் என்றால் ஒளிந்து வாழ்ந்த குழந்தைகளின் கதைகளைத் தேர்ந்தெடுங்கள், கொலைமுகாம் பிறகு வரட்டும்.

பகிரும் முன் சரிபாருங்கள். ஆஷ்விட்ஸில் இறந்த குழந்தை என்று கண்ணீர் வரவழைக்கும் படமும் கதையுமாக ஃபேஸ்புக்கில் சுற்றுபவற்றில் ஏஐ செய்த போலிகள் நிறைய, 2025-இல் ஆஷ்விட்ஸ் நினைவகமே இதைப் பற்றி எச்சரித்தது. உண்மையான முகங்கள் இத்தனை இருக்கும்போது இல்லாத முகத்துக்கு அழுவது அநியாயம். அதோடு, கறாரான ஹெச்.எம்.மை, வீட்டில் கண்டிப்பான அப்பாவை ‘ஹிட்லர்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதை நிறுத்திவிடுங்கள். ஒரு சாட்சியத்தை முழுதாகக் கேட்ட பிறகு உங்களுக்கே அது வாயில் வராது.

கேட்டு முடித்த பிறகு

நோட்டில் இப்போது பெயர்கள் இருக்கும். அம்மா, அப்பா, தம்பி, பக்கத்து வீட்டுப் பெண். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜெருசலேமிலுள்ள யாத் வாஷெம் நினைவகத்தின் பெயர்த் தொகுப்பில் தேடுங்கள், இணையத்தில் இலவசம். கொல்லப்பட்டவர்களில் சுமார் 50 லட்சம் பேரின் பெயர்கள் அங்கே சேர்ந்துவிட்டன. எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும் என்பதால் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், முதல் தடவை கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றி மறுபடி.

கிடைத்தால் சில சமயம் சாட்சியப் பக்கம் என்று ஒரு படிவத்தின் படம் திறக்கும். ஒரே ஒரு தாள். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தொழில், போரின்போது இருந்த இடம், இறந்த விதம் என்று கட்டங்கள். எபிரேயமோ இத்திஷோ வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்தைப் பாருங்கள், எந்தக் கட்டத்தில் பேனா தடுமாறியிருக்கிறது, எது காலியாக விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கீழே நிரப்பியவரின் பெயரும் இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் தேதியும் இருக்கும். நீங்கள் மூன்று மணி நேரம் கேட்ட அதே குரலுக்குரியவர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து தம்பிக்காக நிரப்பி அனுப்பிய தாளாகவும் அது இருக்கலாம். அந்தத் தம்பியின் பெயரை உங்கள் நோட்டில் தமிழில் எழுதிப் பாருங்கள், சத்தமாகப் படித்தும் பாருங்கள். சரியான உச்சரிப்பு வேண்டுமென்றால் பதிவில் அக்கா அதைச் சொல்கிற இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு முறை கேளுங்கள்.